பிறவினை

அறுபத்தொன்றாம் பத்தியில்
ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொன்னார்கள்.
'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று
பிரெஞ்சில் பெயர்த்து வைத்திருந்தேன்.
துணைச் செயலர் பாலென்சுவேலா
காப்பிக் கறையோடு தாளைத் திருப்பியனுப்பினார்.
ஓரத்தில் பென்சிலால்:
போனோர்.

ஆறு வருடம் தாமதமான அறிக்கை.
வெள்ளிக்கிழமைக்குள் ஜெனீவா சேர வேண்டும்.
தேடுவோம், விசாரிப்போம், தண்டிப்போம் என்று
உடன்படிக்கையில் மூன்று வினைச்சொற்கள்,
மூன்றும் எதிர்காலம்,
அவற்றுக்குக் கீழே எங்கள் கையெழுத்து.
அன்றைக்கு அமைச்சகத்தில் எல்லோருக்கும்
அன்னாசிக் கேக் கொடுத்தார்கள்.
நான் இரண்டு துண்டு தின்றேன்.

போவது தன்வினை.
ஒருவன் கோபித்துக்கொண்டு போவான்,
கடனுக்குப் பயந்து போவான்,
எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போவான்.
ஆக்குவது பிறவினை.
ஆக்க ஓர் ஆள் வேண்டும். அவனுக்குச்
சீருடை வேண்டும், சம்பளம் வேண்டும்,
எண் பலகை கழற்றிய வண்டிக்கு
டீசல் போட்ட ரசீது வேண்டும்.
இத்தனை பேரை ஒரு சொல்லுக்குள் உட்காரவைக்க
அறிக்கையில் இடமில்லை.

தன்வினை தன்னைச் சுடும்.
துப்பாக்கியைப் பற்றி
அந்தப் பழமொழியில் ஒன்றுமில்லை.

மாற்றினேன்.
மாதக் கடைசி, வீட்டு வாடகை,
இன்னும் சொல்லலாம்.

கீழே வாசலில் ஹெர்மெலிந்தா.
வியாழக்கிழமைதோறும் வருகிறவள்,
சான் இசித்ரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி.
மகன் எவெலியோவுக்குப் பத்தொன்பது வயது.
டயர் கடையில் வேலை.
சோதனைச்சாவடியில் பஸ்ஸைவிட்டு இறக்கியபோது
அவன் சட்டைப்பையில்
முதலாளி வாங்கிவரச் சொன்ன வால்வு மூடிகள்.
நான்கு.
அதையும் எழுதுகிறாள் ஒவ்வொரு மனுவிலும்,
மூடிகள் கிடைத்தால்
பையனும் கிடைத்துவிடுவான் என்பதுபோல.

"கவுன்ட்டர் மூடியிருக்கிறது" என்றான் காவலாளி.
"அதுவாக மூடிக்கொள்ளுமா?
நீங்கள் மூடியிருக்கிறீர்கள்" என்றாள்.
சண்டைக்குரல் இல்லை.
விலை தப்பாகச் சொன்ன கடைக்காரனைத்
திருத்துகிற குரல்.

மூன்றாம் வகுப்போடு நின்றவளாம்.
நின்றாளோ, நிறுத்தினார்களோ,
நான் கேட்டதில்லை.
குடையை விரிக்கிற சாக்கில்
முகத்தை மறைத்துக்கொண்டு
அவளைத் தாண்டி நடந்தேன்.
மழை இல்லை.

வெள்ளி காலை அறிக்கை போனது.
திருத்தம்: அனுப்பப்பட்டது.
திருத்தம்:
அனுப்பினேன்.