சோதனைப் படம்

ஏழு ரோட்டில் என் ஸ்டுடியோ.
பாஸ்போர்ட் அளவு எட்டுப் படம் நூறு ரூபாய்.
முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க,
கண்ணைச் சிமிட்டாதீங்க,
இங்க பாருங்க.
நாளெல்லாம் இதையே சொல்லி அலுத்து,
கல்யாணத்துக்கென்று வாங்கிய பெரிய லென்ஸைத்
துண்டில் சுற்றிக்கொண்டு
மாதத்தில் ஒரு செவ்வாய்
மன்னவனூர் போய்விடுவேன்.

தை மாத உறைபனி.
புல்வெளி முழுக்க யாரோ
உப்பைத் தூவிவிட்டுப் போனதுபோல் இருந்தது.
கிறிஸ்துராஜின் ஜீப் ஆட்டுப் பண்ணைக்கு
இந்தப்புறமே இருமி நின்றது.
அவனும் இருமினான்.
"அந்தச் சேத்துல என்னக்கா இருக்கு?"
காட்டு உள்ளான் என்றேன்.
"எப்படி இருக்கும்?"
தெரியாது, நானே பார்த்ததில்லை.
சேறு மாதிரியே இருக்கும் என்கிறார்கள்.

வெளிச்சம் சரியா என்று பார்க்க
வெறும் சதுப்பை ஒருமுறை எடுத்தேன்.
பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நெட்டைக்காலி பாறைமேல் ஏறி
வாலை இரண்டு ஆட்டு ஆட்டி, போய்விட்டது.
பூனைப் பருந்து
நிலம் அளக்க வந்த சர்வேயர் மாதிரி
தாழத் தாழப் பறந்து, திரும்பி,
மறுபடி அதே வரிசையில் வந்தது.
வெயில் ஏறியதும் கோரை நுனிகளில் பனி
ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.
இரண்டு மணி நேரத்தில் நான்
மூன்று முறை தும்மினேன்.
மலைப்பூண்டுத் தொக்கோடு நான்கு இட்லி தின்றேன்.
கடை வாடகைக்காக போன் வந்தது.
"மதுரையில இருக்கேன் சார், ஆஸ்பத்திரியில."
வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.
காரணம் வாடகை அல்ல.

உள்ளான் வரவில்லை.

இரவு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அழிக்கவேண்டியதை அழித்துக்கொண்டிருந்தேன்.
நெட்டைக்காலி மங்கல்.
பருந்தில் ஒரு றெக்கை மட்டும்.
அந்த வெறும் சதுப்பில்
இடது ஓரமாய் ஒரு தூசி.
சென்சாரைத் துடைக்க அனுப்பினால் எண்ணூறு ரூபாய்
என்று மனம் கணக்குப் போட,
பெரிதாக்கினேன்.

தூசிக்கு ஓர் இமை இருந்தது.
இமையிலிருந்து அலகு தெரிந்தது.
அலகைப் பிடித்துக்கொண்டு போனால்
காய்ந்த கோரை என்று நினைத்ததெல்லாம் முதுகு.
முதுகில் உருகாத பனி.

ஆக, அங்கேதான் இருந்திருக்கிறது,
பதினைந்தடி தூரத்தில்.
தும்மல் மூன்றையும் கேட்டிருக்கிறது.
மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறவள்
தொக்குக் கையை நக்கியதைப் பார்த்திருக்கிறது,
அப்புறம் நடந்ததையும்.
யாரும் சொல்லாமலே
சிமிட்டாமல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் பெரிதாக்கினேன்.
கண் உடைந்து சதுரம் சதுரமாய் ஆனது.
பழுப்பு, பழுப்பு, கறுப்பு.
ஒரு சதுரம் மட்டும் லேசாய்ச் சிவப்பு.

நான் போட்டிருந்த குல்லா சிவப்பு.
பக்கத்தில் ஏதாவது பூவாகவும் இருக்கலாம்.
தையில் அந்தப் பக்கம்
சிவப்பாய் என்ன பூக்கும் என்று
கிறிஸ்துராஜிடம் கேட்கவேண்டும்.