ஜான்சுக் பூசிய பச்சை

நேற்றிரவு ஆதிஷியிலிருந்து இறங்கி வரும்போது
இடது விளக்கு சுருட்டு முனையாகச் சிவந்து சுருங்கியது.
சிக்னல் போட்டேன்,
டாஷ்போர்டு முழுதும் கண்ணடித்தது.
பிரேக்கை மிதித்தேன்,
சூடு காட்டும் முள் துள்ளி எழுந்து
சிவப்பைத் தொட்டுவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்துகொண்டது.

கன்று தலைமாறிக் கிடந்த பசுவுக்குள்
தோள்வரை கைவிட்டு வந்த களைப்பு எனக்கு.
ஒருபுறம் பாறை. மறுபுறம்
பார்க்க முடியாத, கேட்க மட்டும் முடிந்த ஆறு.
முன்னால் ஒரு பால் லாரி போனது.
அதன் வாலைப் பிடித்தபடி
பதினோரு கிலோமீட்டர்
கடன் வெளிச்சத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.
ஓட்டுநர் யாரென்று தெரியாது.
நன்றி சொல்ல ஹாரன் அடித்தேன்.
ஹாரனும் அடிக்கவில்லை.

"ஆல்டர்னேட்டரை மாத்து" என்றான்
குட்டாய்சியில் உதிரிபாகம் விற்கிறவன். மாற்றினேன்.
"மீட்டரையே மாத்து" என்றான் அடுத்த மாதம்.
"வித்துத் தொலை, நாசிப்ரோலா" என்றான்
மைத்துனன் பிமுர்சா,
தன் ஜப்பான் வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டு.

நீவாவுக்கு வயது முப்பத்தேழு.
என்னைவிட நான்கு வயது இளையது.

இன்று காலை யாரையும் கூப்பிடவில்லை.
ஒரு பழைய பல்பு, இரண்டு துண்டு வயர்:
இதுதான் என் ஸ்டெதஸ்கோப்.
ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால்
ஓர் இடத்தில் ஃபியூஸுக்குப் பதில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள்,
மெல்லிசாகச் சுருட்டி வைத்திருக்கிறது.
எந்தப் பனியில், எந்த அவசரத்தில் வைத்தானோ.
திட்ட வாய் வரவில்லை.
தையல் நூல் தீர்ந்த ஒரு ராத்திரி
குதிரையின் தொடையைத்
தூண்டில் நரம்பால் தைத்தவள் நான்.
(புது ஃபியூஸ் போட்டதும் ஹாரன் பிழைத்தது.)

விளக்கின் பிளக்கில் கரண்ட் இருக்கிறது.
பன்னிரண்டு வோல்ட், குறைவில்லாமல்.
வருவது சரி. போவது?
பல்பின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி
மறுமுனையைக் கறுப்பு வயரில் வைத்தேன்.
எரியவில்லை.
பக்கத்தில் தகரத்தைச் சுரண்டி வைத்தேன்.
பளிச்சென்று எரிந்தது.

மாடு கத்துகிற இடம் ஒன்று, நோகிற இடம் வேறொன்று.

எர்த் இல்லை.
திரும்பிப் போக வழியில்லாத கரண்ட்
சிக்னல் பல்பின் கொல்லைப்புறமாக நுழைந்து
டாஷ்போர்டு வழியே,
கண்ட கண்ட முள்ளையும் உலுக்கிக்கொண்டு
இத்தனை நாளும் வீடு போயிருக்கிறது.

கறுப்பு வயரின் வளையம்
விளக்கின் பின்னால், ஒரு போல்ட்டுக்கு அடியில்.
போல்ட்டைக் கழற்றினால் கீழே
பச்சை. கட்டியான, பாசிப் பச்சை.
முன்னால் வைத்திருந்த ஜான்சுக்
மகள் கல்யாணத்துக்காக வண்டிக்குப் பெயின்ட் அடித்தவன்.
கண்ணில் படுகிற இடம் பளபளக்க வேண்டும் என்று
கண்ணில் படாத இடத்திலும் பூசியிருக்கிறான்,
மனசார.
பெயின்ட்டின்மேல் வயரை வைத்து முடுக்கியிருக்கிறான்.
திருகுமரையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கொஞ்ச வருஷம் ஓடியது.
அப்புறம் துரு.

அந்தப் பெண் இப்போது பட்டூமியில் இருக்கிறாள் என்கிறார்கள்.
இரண்டு பிள்ளைகளாம்.

உப்புத்தாளால் தேய்த்தேன்.
பச்சைக்குக் கீழே சாம்பல் நிறம்,
அதற்கும் கீழே ஒரு காசளவு வெள்ளி.
அங்கே வயரை வைத்து, கிரீஸ் தடவி, இறுக்கினேன்.
டாஷ்போர்டுக்குப் பின்னால் இன்னொன்று:
அது விரலால் தொட்டதுமே சுழன்றது.
மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்து,
அதையும் முடுக்கினேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

சாவியைத் திருப்பினேன்.
தொழுவத்துச் சுவரில் இரண்டு வட்டம்,
ஒரே வெள்ளை, ஒரே உயரம்.
அசைபோட்டுக்கொண்டிருந்த பசு
நான்தான் விடியலை முன்கூட்டிக் கொண்டுவந்தேன் என்பதுபோல் பார்த்தது.
சிக்னல் போட்டேன்: சிக்னல் மட்டும் துடித்தது.
பிரேக்கை மிதித்தேன்: எந்த முள்ளும் எழவில்லை.

குளிர்காலம் முழுதும்
பாதி டேங்க் என்று சொல்லிவந்த பெட்ரோல் முள்
மெல்ல இறங்கியது,
இறங்கிக்கொண்டே போய்
பூஜ்ஜியத்தில் நின்றது.

கேனை எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.
பங்க் நாலு கிலோமீட்டர்.