பாட்டை அணைத்துவிட்டு ஏற்றவும்

புளியரை எடைமேடையில் அந்த அட்டையை
எழுதி ஒட்டியது நான்தான்.
பாட்டு எத்தனை கிலோம்மா இருக்கும் என்று
கேட்டார் முதலாளி.
சிரித்தேன். அட்டையைக் கிழிக்கவில்லை.

வைக்கோல் லாரி, வாழைத்தார் லாரி,
கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவில் இறங்கும் எதுவும்
கண்ணாடி அதிரத்தான் இங்கே வந்து நிற்கும்.
பதினோரு வருஷமாகச் சீட்டுப் போடுகிறேன்.
தலை நிமிராமல் சொல்வேன்:
குத்துப்பாட்டா, ஆலங்குளத்துத் தக்காளி.
ஜெபப்பாட்டா, சாம்பவர்வடகரைப் பல்லாரி.
செண்டைமேளமா, திரும்பி வரும் காலி வண்டி.
பாதி நாள் தப்பாகவும் போகும்.

பத்தாம் வகுப்பில் எனக்குப் பிடித்தது
எல்லாருக்கும் பிடித்ததுதான்.
கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் வரிவரியாக எழுதி,
கணக்குப் போட இடமில்லாமல் அடி வாங்கினேன்.
இன்று அதைக் கேட்டால் கூச்சமாயிருக்கிறது,
பழைய போட்டோவில்
ரிப்பன் மட்டும் பெரிதாகத் தெரிவது மாதிரி.

பிடிக்காதது கெட்டிமேளம்.
வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.
சண்முகவடிவு அக்கா கழுத்தில் தாலி ஏறும்போது
அவள் உதடு அசைந்தது, பார்த்தேன்.
யாரோ விரலை ஆட்டிவிட்டார்கள்.
தவில் மொத்தமும் அவள் வாய்மேல் விழுந்தது.
என்ன சொன்னாய் என்று
ரெண்டு பிள்ளை பிறந்தபின் கேட்டேன்.
"ஃபேனை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்" என்றாள்.
நான் நம்பவில்லை.
அவளும் நம்பச் சொல்லவில்லை.

அப்புறம் ஷிபு. புனலூர்க்காரன், ரப்பர்த்தடி லோடு.
அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
அவன் போனுக்கு அடித்தால்
ஒரு மலையாளப் பாட்டு வரும்.
எடுத்துவிட்டால் பாட்டு போய்விடும்,
எடுக்காவிட்டால் அவன்.
எடுக்காத நாட்கள் கூடக்கூட
பாட்டு எனக்கு மனப்பாடமானது.
மழ என்றால் மழை. மற்றதெல்லாம் என் சொந்த அர்த்தம்.
சரியாக "வரு" என்ற இடத்தில் அறுந்து,
அவர் எடுக்கவில்லை என்று
ஒரு பெண் பணிவாகச் சொல்வாள்.
மிச்சத்தை நானே முடித்துக்கொள்வேன்:
வரும்.

மூணு வருஷம் கழித்து, கொல்லம் பஸ்ஸில்,
தென்மலைக்கு முந்தின வளைவில்
முழுப்பாட்டும் கேட்டேன்.
"வருமோ" என்று இருந்தது.
அதற்கடுத்த சரணமும் சுமார்தான்.
பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குச்
சிரித்தேன்.

நேற்று ஒரு கேரட் லாரி.
அட்டையைப் படித்த டிரைவர்
மரியாதையாகப் பாட்டை அணைத்தான்,
இன்ஜினையும் அணைத்தான்.
ஆனால் கை நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் தாளம்,
குதிகாலும் கூடவே.
எந்தப் பாட்டென்று தெரியவில்லை, அவனுக்குள் ஓடியது.
திரையில் பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது,
ஐம்பது, நாற்பது, ஐம்பது.
காற்றாகவும் இருக்கலாம்.
முதலாளியிடம் சொல்லவில்லை.
எண் தானாக நிற்கட்டும் என்று
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து வைக்கோல்காரன்
ஹாரன் அடித்தான். ஏழு சுரமும் உள்ள ஹாரன்.
அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.