வெயிட்டிங் சார்ஜ்

பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டார் ரஹ்மத் நிஷா,
கையில் பிரம்புக் கூடை, கூடைக்குள் பிஸ்தா.
தஞ்சாவூருக்கு வீடு மாறுகிறோம்,
இது காரில் ஏறியதே இல்லை,
வண்டி இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம் தம்பி,
நிற்கட்டும்.
அரைமணி நேரம் இது உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும்.

முத்துப்பேட்டை ஸ்டாண்டே சிரித்தது.
பூனை பெண்பார்க்க வந்திருக்கு என்றான் சகாயராஜ்.
வெயிட்டிங் சார்ஜ் ஆகும் என்றேன்.
ஆகட்டும் என்றார்.

மறுநாள் எஞ்சினை மட்டும் ஓடவிடச் சொன்னார்.
அதற்கடுத்த நாள் ரயில்வே கேட் வரை போனோம்;
கேட் மூடியிருந்தது, காரைக்குடி வண்டி கடந்தது,
கூடைக்குள்ளிருந்து ஒரு கிழிந்த குரல்,
பிறகு சீட்டில் ஈரம்.
துடைத்துவிட்டு அதற்கும் சேர்த்துக் கொடுத்தார்.
ஆறாம் நாள் அதுவாகவே ஏறிப் படுத்தது,
ஆர்.டி.ஓ. லைசென்ஸைப் பார்ப்பதுபோல
என்னை ஒரு பார்வை பார்த்தது.

மாசி மாதம், புதன்கிழமை, விடிகாலை ஐந்து.
வெயிலுக்கு முன் பட்டுக்கோட்டை தாண்டிவிட வேண்டும்.
ராத்திரியிலிருந்து அதற்கு மீனில்லை.
தடுப்பூசிச் சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள்,
கழுத்துப் பட்டையில் அவருடைய போன் நம்பர்,
கூடைக்குள் அவர் போர்த்திப் பழசான துப்பட்டி, துவைக்காமல்:
வீட்டு வாசனை வேணும் அதுக்கு.
சீட் பெல்ட்டைக் கூடைப் பிடிக்குள் நுழைத்து இறுக்கினார்.
கண்ணாடியில் தொங்கிய மல்லிகை செண்ட் குப்பியை
நானே கழற்றி டிக்கியில் போட்டேன்.
பாட்டு கிடையாது. ஹாரன் கிடையாது.
கூடை திறந்தால் கதவு திறக்கக் கூடாது,
கதவு திறந்தால் கூடை.
எங்க வயல்ல மடை மாதிரி என்றேன்.
சிரித்தார், சத்தமில்லாமல்.

இருபது வருஷத்தில் ஹாரன் இல்லாமல் நான் ஓட்டியதில்லை.
பாதிச் சாலையில் தார்ப்பாய் மூடிய நெல்,
அதன் காவல்காரர் அதன் பக்கத்திலேயே தூக்கம்;
எதிரே அறுவடை மெஷின்,
மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அசைந்து அசைந்து.
நின்றேன்.
போகட்டும் என்று நின்றேன்.

ஒரத்தநாட்டுக்கு முன்னால், புதாற்றங்கரையில் ஓரம் கட்டினோம்.
மேட்டூர் மூடி ஒரு மாசம்,
ஆற்றில் குட்டை குட்டையாய்த் தண்ணீர்,
குட்டைக்கு ஒரு கொக்கு.
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
பாட்டில் மூடியில் தண்ணீர் காட்டினார்.
பயம் போயிருக்குமா என்று கேட்டேன்.
யாருக்குத் தெரியும் தம்பி,
நாக்கை நீட்டுதே.

அப்போதுதான் பூங்கோதை.
மாயவரத்தில் மச்சினி கல்யாணம்,
திருத்துறைப்பூண்டி வருமுன்னே குமட்டுது என்றாள்.
அடக்கிக்க, முகூர்த்தம் போயிடும் என்றேன்.
திருவாரூர் வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு
கால்களைச் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டு வந்தாள்.
அந்தக் குப்பியையாவது கழற்றுங்களேன் என்றாள் ஒருமுறை.
நூற்று இருபது ரூபாய் குடுத்து வாங்குனது என்றேன்.
அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை.
வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்ல என்று
ஊரெல்லாம் நானே சொல்லிவந்தேன்.

தஞ்சாவூரில் புது வீட்டின் ஆகச் சின்ன அறையில்
கூடையைத் திறந்துவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.
அதுவா வரட்டும், இன்றைக்கோ நாளைக்கோ.
மொத்தக் கணக்கையும் நீட்டினார்,
நிற்க வைத்த நேரமெல்லாம் சேர்த்து.
எண்ணித்தான் வாங்கினேன்.

திரும்பும்போது காலி வண்டி.
ஒரத்தநாட்டில் டீக்கு நிறுத்தி அவளுக்குப் போன் போட்டேன்.
ஞாயித்துக்கிழமை சவாரி எடுக்கல,
வண்டி வாசல்லதான் நிக்கும்,
சும்மா வந்து உட்கார்ந்து பார்க்கிறியா என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மிக்ஸி மட்டும் ஓடியது.

குடிச்சிருக்கீங்களா, என்றாள்.
டீதான், என்றேன்.