மார்ச் இருபத்தொன்பது, சனி

பணம் வந்துவிட்டது.
போன ஏப்ரலில் வர வேண்டியது
இன்று மாலை நான்கு பத்துக்குக்
கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியாக.
முப்பத்தொன்றுக்குள் செலவழிக்க வேண்டும்,
மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது
கூடவே வந்த கடிதம்.
நாளை ஞாயிறு. மறுநாள் ரம்ஜான்.

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் இயந்திரங்களுக்கு மேலே
வாடகை வீடு, ஆறு கட்டில்.
ஆறாவதற்கு மெத்தை இல்லை.
அதில் கணக்குப் புத்தகங்கள் படுத்திருக்கின்றன.
ஆலோசகர் எஸ்தர்ராணிக்கு
டிசம்பரில் கோவையில் வேலை கிடைத்தது.
ஏழு மாதச் சம்பளம் பாக்கி வைத்தவள்
வாழ்த்துவதைத் தவிர வேறென்ன செய்ய?
வீட்டுக்காரர் போஜன்
வாடகை கேட்க வந்து
கேட்காமல்
இரண்டு முட்டைக்கோஸை வைத்துவிட்டுப் போனார்.

கழுவும் வேலை இரவு இரண்டுக்குத் தொடங்கும்.
புல்லெல்லாம் உறைந்து கிடக்கும் நேரம்
முழங்கைவரை தண்ணீரில் நிற்பவனிடம்
குடிக்காதே என்று சொல்லப் போகுமுன்
எனக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வேண்டும்.
அது எந்தத் தலைப்பில் வரும்?
உபகரணம் என்றால் மூன்று விலைப்புள்ளி.
மருந்து என்றால் மருத்துவர் கையெழுத்து.
மருத்துவர் மாதம் ஒருமுறை வருவார்,
வண்டிக்கு டீசல் இருந்தால்.

கீழ் வளைவில் அந்தக் கடை.
மதியம் பன்னிரண்டுக்குத் திறக்கும்.
மண் சரிந்து குன்னூர்ச் சாலை அடைத்த அன்றுகூட
கோத்தகிரி சுற்றி வந்துவிட்டது லாரி.
அதற்குத் தவணை தாமதமானதாக
இதுவரை கேள்விப்பட்டதில்லை.

பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல் வாங்கி
காலிப் பாட்டிலைக் கொடுத்தால்
திருப்பித் தருகிறார்களே,
அதில்தான் இந்தக் குளிர்காலம்
எங்கள் அரிசி வந்தது.
சிவனுவின் மனைவி பார்வதம்
கற்பூர மரங்களுக்கடியில்
தேயிலை வரிசைக்குள்
ரயில் பாதையோரச் சாக்கடையில்
யாரோ மறந்து எறிந்ததைப் பொறுக்குவாள்.
சாக்கு நிறைந்தால் நானூறு, ஐந்நூறு.
காட்டுமாடு நின்றால் அது போகும்வரை
அவளும் நிற்பாள்.
ஆகவே ஐயா,
பொதுப்பணம் எங்களுக்கு முறையாகவே வந்தது,
பாட்டில் பாட்டிலாக.
ரசீதுதான் இல்லை.

மாசியில் ஒருநாள்
சாக்கோடு வந்தவள் உட்காரவில்லை.
ஒரு பாட்டிலை மட்டும் தனியே எடுத்துக் காட்டினாள்.
மூடியைப் பல்லால் நசுக்கி
உள்ளே தள்ளியிருந்தது.
அந்தப் பழக்கம் இங்கே ஒருவனுக்குத்தான்.
"அவருகிட்ட கேக்காதீங்க" என்றாள்.
பிறகு அதையும் சாக்கில் போட்டாள்.
பத்து ரூபாய் பத்து ரூபாய்தானே.

நான் கேட்கவில்லை.
அவனே மூன்றாம் நாள் வந்து
கேரட் மண் காயாத கையோடு
கட்டில் விளிம்பில் குந்தினான்.
நாற்பத்தொரு நாள்,
பிறகு ஒரு ராத்திரி,
இன்றோடு இருபத்தாறு நாள்.
படிவத்தின் ஒன்பதாம் பத்தி கேட்கிறது:
முழுமையாகக் குணமடைந்தோர் எத்தனை பேர்?
பின்னம் எழுதக் கட்டம் இல்லை.
சிவனு என்று எழுதி, அடித்தேன்.

இரண்டு நாளில், விலைப்புள்ளி இல்லாமல்
எதைத்தான் வாங்க முடியும்
என்று விதிகளைப் புரட்டினேன்.
கையுறை முடியாது. மெத்தை முடியாது.
எஸ்தர்ராணியின் பாக்கி
அடுத்த ஆண்டின் தலைப்பாம்.
விழிப்புணர்வுப் பதாகை முடியும்.
வரம்பே இல்லை.

சேரிங்கிராஸில் பதாகை அடிக்கும் ஜோகியை
வீட்டிலிருந்து எழுப்பினேன்.
பிளாஸ்டிக் வேண்டாம், துணி என்றேன்.
கனமான துணி.
உள்ளே பஞ்சு வைத்துத் தைக்க முடியுமா?
அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.
ஆறடிக்கு மூன்றடி, பன்னிரண்டு.
"வாசகம் என்ன மேடம்?
எழுத்து எவ்வளவு பெருசு?"

சின்னதாக, கால்மாட்டில் இருந்தால் போதும்.