கிராவலோடு வந்தது

கரைச்சாலைக்கென்று வல்லத்திலிருந்து
எட்டு லோடு கிராவல் இறங்கிற்று.
பில் பாஸாகவில்லை. காண்ட்ராக்டர் வரவில்லை.
குவியல் மட்டும் என் கொட்டகைக்குப் பக்கத்தில்
ஒரு வருஷம் கிடந்தது.

சித்திரையில் அதன் உச்சியில்
மஞ்சளாய் நான்கு பூ.
சூரியகாந்தியைத் துவைத்துப் போட்டதில்
சுருங்கிப்போன அளவு.
இங்கே கேட்டால் யாருக்கும் பெயர் தெரியவில்லை.
கோரை தெரியும், ஆகாயத்தாமரை தெரியும்,
நீரைக் குடிக்கிறவை எல்லாம் தெரியும்.
நானும் அந்தச் சாதிதான்: செங்கமலம்.
பாமணியாற்றுச் சட்ரஸில் லஸ்கர்.
எட்டுக் கண்ணுக்கும் சாவி என்னிடம்.

லாரிக்கார இருதயராசு சொன்னான்:
"மூக்குத்திப்பூ-ம்போம்க்கா.
பொட்டல்ல கிடக்கும். காய்ஞ்ச புல்லுக்குள்ள.
ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

ஒன்றைப் பிடுங்கி பெயிண்ட் டப்பாவில் வைத்தேன்.
ஆற்று வண்டல் போட்டேன், கறுப்பு வெண்ணெய்.
காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு.
ஐந்தாம் நாள் தண்டு கறுத்தது.
அடுத்ததற்கு ஒரு வேளைதான் ஊற்றினேன்.
அதற்கடுத்ததற்கு அரைச் செம்பு,
அதுவும் வெயில் தாழ்ந்து, இலை நனையாமல்.
எல்லாம் வேரில் அழுகின.
விதை தூவினேன். பஞ்சு முளைத்த விதை,
எறும்பின் மீசை போல.
முளைத்ததும் வெள்ளையாய்ப் பூஞ்சணம்.

இருபத்தோரு வருஷமாய்
யாருக்கு எவ்வளவு விடுவது என்பதே என் உத்தியோகம்.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு.
அடைப்பு ராத்திரிகளில்
டார்ச் லைட்டோடு வந்து நிற்பார்கள் கடைமடைக்காரர்கள்.
முத்துப்பேட்டைப் பக்கத்து ஆள் ஒருவர்
என் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.
இல்லை என்றேன். உத்தரவு இல்லை என்றேன்.
கேட்டவருக்கு மறுத்த அதே கைதான்
கேட்காத இந்தச் செடிக்கு
ஊற்றி ஊற்றிக் கொன்றது.

மகள் பிரசவத்துக்கு நாகப்பட்டினம் போனேன்.
சிசேரியன். பத்தொன்பது நாள்.
போகிற அவசரத்தில் ஒரு டப்பாவில்
வெறும் கிராவலை அள்ளி, மிச்ச விதையைத் தட்டிவிட்டு,
ஆணியால் அடியில் துளை போட்டதோடு சரி.
திரும்பி வந்தபோது அதில்
விரல் உயரத்துக்கு முரட்டுப் பச்சை.
செம்பைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன்.
கை அரித்தது. பேசாமல் இருந்தேன்.
மாசியில் பூத்தது.

வைகாசியில் ஆறும் பொட்டல்தான்.
மணல், ஆட்டுப் புழுக்கை, பையன்கள் நட்ட மூன்று ஸ்டம்பு.
காற்று எப்போது கொண்டுபோனதோ,
மூன்றாம் கண்ணுக்குக் கீழே
எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு செடி.
அத்தனையும் பூத்து, ஒன்றும் நான் நடாதது.
தினம் மேலே நின்று பார்ப்பேன்,
டீ ஆறுகிற வரை.

ஆனி பிறந்த மறுநாள் போன் வந்தது.
கல்லணையில் விட்டாயிற்று,
விடியலில் உங்க சட்ரஸ்.

முதலில் நுரையையும் ஒற்றைச் செருப்பையும்
தள்ளிக்கொண்டு வந்தது தண்ணீர்.
கற்பூரம், தேங்காய், கைநிறைய விதைநெல்லோடு
கரையெல்லாம் ஆட்கள்.
உதவிப் பொறியாளர் வாட்சைப் பார்த்தார்.
ஏழு கண்ணைத் திறந்தேன்.
மூன்றாவது இறுகிக் கிடக்குது சார் என்றேன்.
கிரீஸ் போடுங்கம்மா என்றார்.
போட்டேன். பல் பல்லாக, துணியால் துடைத்து.

ஆனால் தண்ணீருக்கு என் தயவு எதற்கு?
இரண்டாம் கண்ணிலும் நான்கிலும் பாய்ந்தது
கீழே சுற்றி வந்து
மஞ்சளை ஒவ்வொன்றாய்ச் சாய்த்தது.
சில பஞ்சுகள் மட்டும் மிதந்தன,
கடைமடை நோக்கி.

பதிவேட்டில் எழுதினேன்:
ஏழு கண்கள், காலை 6.10.
மூன்றாம் கண், 6.32.
காரணம்: துரு.