பார்க்காததற்குச் சம்பளம்

நேர்காணலில் மூன்றே கேள்விகள்.
அந்தக் கம்பெனியின் கணினியைத் திறந்து பார்த்திருக்கிறாயா?
இல்லை.
அதன் கையேட்டை?
இல்லை.
கையேட்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் நிரலை,
யாரோ மேசைமேல் விட்டுப்போனபோது, ஓரக்கண்ணால்?
இல்லவே இல்லை.
வேலை கிடைத்துவிட்டது.

துலூத் நகரம், எண்பத்தைந்து ஜனவரி.
ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் கட்டியாகிக் கிடந்தது.
பழைய கோதுமைக் கிடங்கின் மாடியில் இரண்டு அறைகள்.
ஒன்றில் ஆரின் ஸ்குல்ஸ்டாட்.
அவர்களுடைய சில்லை பைட் பைட்டாகப் பிரித்துப் படிப்பான்,
படித்ததை வெறும் வாக்கியமாக எழுதுவான்:
‘இந்த விசையை அழுத்தினால்
இந்த இடத்தில் இந்த எண் இருக்க வேண்டும்.’
என்ன என்று எழுதலாம். எப்படி என்று கூடாது.
மற்ற அறையில் நான்.
நடைவழியில் மடக்கு மேசை போட்டு
வக்கீல் மிஸ் ஹாக்லண்ட்,
காலில் ரோமக் காலணி, கையில் தேதி முத்திரை.
ஒவ்வொரு தாளும் அவளைத் தாண்டித்தான் வரும்.

கண்டவர் எழுதலாகாது.
எழுதுபவர் கண்டிருக்கலாகாது.
சுவரில் ஒட்டியிருந்த சட்டம் அவ்வளவுதான்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததற்குக் கூலி.
எனக்குத் தெரியாததற்கு,
பல் மருத்துவக் காப்பீட்டோடு.
அந்தத் தெரியாமையை
தளும்பத் தளும்ப நிரம்பிய கிண்ணம்போல் ஏந்தி நடந்தேன்.
கணினிப் பத்திரிகைகளை உறை பிரிக்காமலே
குப்பையில் போட்டேன்.

ஆனால் ஆரினுக்கு ஓட்டுநர் உரிமம் பறிபோயிருந்தது.
தினமும் என் காரில்தான் வருவான்.
இருபது நிமிடம், நாங்கள் இருவர்,
நடுவில் முத்திரை குத்த ஆள் இல்லாமல்.
பனியில் துளைபோட்டு மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினோம்.
அவன் அக்காவின் மூன்றாவது விவாகரத்தைப் பற்றிப் பேசினோம்.
ஒரு காலை, தூங்காத கண்களோடு,
“அதை எழுதினவன் யாரோ, மார்லிஸ்,
அவன் கை இருக்கிறதே” என்று ஆரம்பித்தான்.
நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

மார்ச்சில் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.
வேகமாகத் தட்டினால் எழுத்துகள் காணாமல் போயின.
கேள்வி எழுதி அனுப்பினேன்.
‘பதிலளிக்க அனுமதி இல்லை’ என்று திரும்பி வந்தது,
முத்திரையோடு.
ஒன்பது இரவுகள்.
பத்தாம் இரவு பதினொரு பைட்டில் தீர்ந்தது.
ஆளில்லாத கிடங்கில்
காலணியைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஆடினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கு வந்தது, வராமல் இருக்குமா.
செயின்ட் பால் நீதிமன்றத்தில், சுவர் அகலத் திரையில்,
இடப்பக்கம் அவர்களுடையது, வலப்பக்கம் என்னுடையது.
பதினொன்றும் பதினொன்றும்.
ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.
“தற்செயலா அம்மணி?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

பயந்திருக்க வேண்டும்.
எனக்கோ, முகம் தெரியாத ஒருவன்
எனக்கு ஐந்து வருடம் முன்னால்
இதே முட்டுச்சந்தில் நின்று,
இதே சுவரில் தலையை முட்டிக்கொண்டு,
இதே கதவைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று
தொண்டை அடைத்தது.
“அங்கே வேறு வழி இல்லை” என்றேன்.
மிஸ் ஹாக்லண்ட் நான்கு பெட்டிகளைத் தூக்கி வைத்தாள்.
என் அறியாமை முழுவதும், தேதிவாரியாக.

சமரசம் ஆனது. தொகை ரகசியம்.
கணினியின் விலை பாதியானது, பல்கடைக்காரர்கூட வாங்கினார்.
அடுத்த ஆண்டு எங்கள் முதலாளி
என் நிரலின் தலையில் பதிப்புரிமை வரி ஏற்றி
ஃபார்கோவில் இரண்டு பையன்கள்மேல் வழக்குப் போட்டார்.
அதே பதினொரு பைட்.
சாட்சிக்கு வா என்றார்.
“கேட்டால் என்ன சொல்லட்டும்?” என்றேன்.
“வேறு வழி இருந்தது என்று.”

ராஜினாமாவை மடக்கு மேசையில் வைத்தேன்.
பழக்கத்தில் அவள் முத்திரை குத்தினாள்.

அன்று காரில் ஆரின் மெதுவாகக் கேட்டான்,
“திரையில் பார்த்தாயே, எப்படி இருந்தது?”
கண்ணாடித் துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது.
இனி என்னை எவனும் அந்த அறையில் உட்கார்த்த மாட்டான்.
வானொலியை அணைத்தேன்.
“முதலிலிருந்து சொல்” என்றேன்.